அப்பா கார்களைப் பாதுகாத்த விதம்

எங்கள் வீட்டில் நான்கு வாகனங்கள் இருந்தன. ஒரு சிவப்புக் கார், ஒரு நீலக் கார், ஒரு பச்சை லொறி, ஒரு வெள்ளை அம்புலன்ஸ். நான்கும் உள்ளங்கைக்குள் அடங்கும். இங்கிலாந்தில் உலோகத்தில் வார்த்து, பெயின்ற் அடித்து, ரப்பர் சில்லுப் பூட்டிய விளையாட்டுச் சாமான்கள். அவை ஒரு முழத் தூரம்கூட ஓடியதில்லை. ஓடாமலே நிறம் செத்து, கொப்பளித்து, உரிந்து, கடைசியில் லொறிக் கூரையின் பெயின்ற் பாதி றெக்சின் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு தெருவையும் காணாத வாகனங்களுக்கு இந்தக் கதி எப்படி வந்தது என்று கேட்டால் பதில் சுலபமானது. அப்பா அவற்றைப் பாதுகாத்தார்.

வடகரையில், கடலுக்கு மிகக் கிட்ட எங்கள் வீடு. அம்மாவின் பக்கத்து ஆண்கள் எல்லாரும் கப்பலோடு போனவர்கள். அப்பா மட்டும் கந்தோர் மனிதர், கிளாக்கர் உத்தியோகம். கடலோடிகள் வீட்டில் பெண் எடுத்தது தன்னுடைய பெரிய மனது என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தவர். கடலோடிகளின் பேச்சு அவருக்குச் சத்தம், நடை அவருக்குத் திமிர், கறி அவருக்கு உறைப்பு. அவர்கள் கப்பலில் கொண்டுவரும் சாமான்களில் மட்டும் அவர் ஒருநாளும் குறை கண்டதில்லை.

அந்தச் சாமான்கள் போய்ச் சேருகிற இடம் விறாந்தையில் நின்ற கண்ணாடி அலுமாரி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வசதியான வீடு ஒவ்வொன்றிலும் இப்படி ஓர் அலுமாரி நின்றது. வருகிறவர்களுக்குக் கதிரை அதற்கு நேர் எதிரே போட்டிருக்கும். அவர்களுடைய கண் வேறெங்கும் போய்விடக்கூடாது. எங்கள் அலுமாரிக்குள் ஒருவர் வாயும் படாத பூப்போட்ட கோப்பைகள் இருந்தன. விலைத்துண்டு கிழியாத சுடுதண்ணீர்ப் போத்தல் இருந்தது. பற்றரி காணாத ரோச் லைற் ஒன்று இருந்தது. வெளிச்சம் போனால் அம்மா குப்பி விளக்கைத் தேடி இருட்டில் தடவுவார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் விளிம்பு கழன்ற எனாமல் கோப்பையில்தான் வரும். நல்ல கோப்பையைப் பார்த்துக்கொண்டு கழன்ற கோப்பையில் குடிப்பதற்கு எங்கள் ஊரில் உபசாரம் என்று பெயர். வந்தவர்களும் அதில் ஒரு குறையும் காணவில்லை, ஏனென்றால் தங்கள் வீட்டில் அவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

அம்மாவின் தம்பி கப்பலில் சமையல்காரர். கலியாணம் கட்டாதவர். அவர் சிரித்தால் கடற்கரையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு நீண்ட பயணம் முடிந்து வந்தவர், பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது அந்த நான்கு வாகனங்களையும்தான். ஒவ்வொன்றும் அதனதன் படம் போட்ட மட்டைப் பெட்டிக்குள் இருந்தது. எல்லாவற்றையும் அள்ளி என் மடியில் போட்டார். வீட்டில் நான் ஒரே பிள்ளை.

“பெட்டைப் பிள்ளைக்கு என்னத்துக்கு மச்சான் கார்? ஒரு பொம்மை வேண்டிக்கொண்டு வந்திருக்கலாமே” என்றார் அப்பா.

“பொம்மையை வைச்சுத் தாலாட்டத்தான் ஏலும், அத்தான். இதெண்டா ஓடும்” என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பினார். “பழுதாப் போடும் எண்டு பயப்பிடாதை பிள்ளை. நல்லா விளையாடு. உடைஞ்சா மாமா வேறை கொண்டுவாறன்.”

நான் சிவப்புக் காரை வெளியே எடுத்தேன். பார்வைக்குத் தெரிந்ததைவிடப் பாரமாக இருந்தது. அப்படி ஒரு மினுக்கத்தை நான் அதுவரை கண்டதில்லை; கூரையில் என் முகம் கோணலாகத் தெரிந்தது. சில்லு சுழலுமா என்று பார்க்க நிலத்தில் வைக்கக் குனிந்தேன். சில்லு நிலத்தில் படுவதற்குள் அப்பாவின் கை வந்துவிட்டது.

“நிலத்திலை வையாதை. மண் கிடக்கு. கீறுப்படும்.”

மாமா கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். அவர் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் நான்கும் கண்ணாடி அலுமாரிக்குள் ஏறிப் பூட்டப்பட்டுவிட்டன. நான் அழுதேன். “பிள்ளை கொஞ்ச நேரம் வைச்சிருக்கட்டன். குடுங்கோவன்” என்று அம்மா கேட்டார். “பிறகு குடுப்பம்” என்றார் அப்பா. நான் படித்து முடித்தேன், பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவும் போனேன். அந்தப் ‘பிறகு’ மட்டும் வரவேயில்லை.

அலுமாரிக்கு எதிரே மேற்கு யன்னல். பின்னேர வெயில் நேராக அதற்குள் விழும். ஒரு வருடம் போக, சிவப்புக் காரின் யன்னல் பக்கம் வெளிறி, வெற்றிலை போட்டுத் துப்பிக் காய்ந்த நிறத்துக்கு வந்துவிட்டது. மறுபக்கம் இன்னும் இரத்தச் சிவப்பு. யன்னலுக்கு ஒரு துணி போட்டால் போதும். ஆனால் துணி போட்டால் தெருவில் போகிறவர்களுக்கு அலுமாரி தெரியாதே. ஆகவே அப்பா வேறொரு வழி கண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அலுமாரியைத் திறந்து, தோசை பிரட்டுவதுபோல நான்கு வாகனங்களையும் மற்றப் பக்கம் திருப்பி வைப்பார். மறுபக்கமும் வெளிறியது. “இப்ப சமனா வந்திட்டுது” என்று திருப்தியாகச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

எனக்குப் பத்து வயதில் மாமா மறுபடி வந்தார். கொழும்பில் கப்பல் நின்ற இடைவெளியில் ரயில் ஏறி ஓடி வந்தவர். ஓர் இரவு தங்கினார். விறாந்தையில் விருந்தாளிக் கதிரையில் அவரை இருத்தி, அப்பா அலுமாரியைக் காட்டினார்.

“எப்பிடி வைச்சிருக்கிறம் பாத்தியே, மச்சான்? அப்பிடியே இருக்கு. மட்டைப் பெட்டிகூடக் கிழியேல்லை.”

மாமா எழும்பிக் கண்ணாடிக்குக் கிட்டப் போனார். கனநேரம் பார்த்தார். “பிள்ளை விளையாடுறேல்லையோ?” என்று கேட்டார். அவர் என்னைக் கேட்டார். அப்பா எனக்காகப் பதில் சொன்னார்: “உவள் கவனமான பிள்ளை.” அன்று இரவுச் சாப்பாட்டில் அந்தச் சிரிப்பு ஒருமுறைகூட வரவில்லை. விடியப் போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஊருக்கு வருகிற கப்பல்காரர்களிடம் அவர் கொடுத்துவிட்டதெல்லாம் சீலைத்துணியும் சவர்க்காரமும்தான். ஒரு விளையாட்டுச் சாமானும் வரவில்லை. எனக்குக் கொடுத்தது எனக்கு வேண்டியிருக்கவில்லை என்று அவர் நினைத்துவிட்டார் என்பது அந்த வயதிலேயே எனக்கு விளங்கியது. பெரியவளாகி ஒருநாள் அவரைப் பிடித்து, அப்பாவை முன்னால் வைத்துக்கொண்டே உண்மையைச் சொல்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாளுக்காக வசனங்களைக்கூட ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். வயது ஏற ஏற அவை இன்னும் கூர்மையாகின.

அதற்கிடையில் பாதுகாப்பு வேலை மும்முரமாக நடந்தது. வெயிலுக்குப் பிறகு வாடைக்காற்று. கடல் உப்பைக் கண்ணாடிக் கதவு தடுக்கும் என்று அப்பா நம்பினார். உப்புக்கு அலுமாரிக் கதவு ஒரு பொருட்டா? நீலக் காரின் ஓரங்களில் பெயின்ற் சின்னச் சின்னக் கொப்பளமாக எழும்பியது. நகம் பட்டால் கொப்பளம் உடைந்து, உள்ளே வெள்ளை மா மாதிரிப் பொடி. அப்பா கந்தோரில் ஆலோசனை கேட்டார். கந்தோரில் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்கவில்லை; கோப்புகள்தான் நகராது. அச்சுவேலிப் பக்கத்து ஆள் ஒருவர் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னாராம். தலைமயிருக்கு நல்லதென்றால் காருக்கும் நல்லதாகத்தானே இருக்கும். அப்பா பஞ்சில் எண்ணெய் தோய்த்து நான்கு வாகனங்களையும் குழந்தையை எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுகிறவர்போலத் தடவினார். இரண்டு நாள் மினுங்கின. பிறகு எண்ணெய் பிசுபிசுத்து, தூசி முழுக்க அதில் வந்து குடியேறியது. தூசியைத் துடைத்தால் பெயின்றும் துணியோடு வந்தது.

இவ்வளவும் காணாதென்று ஆயுத பூசை வேறு. எங்கள் ஊரில் நவராத்திரி முடிவில் தொழில் சாமான்களைப் பூசைக்கு வைப்பார்கள். கடலோடிகள் வீட்டில் திசையறி கருவியும் பாய் தைக்கிற ஊசியும் வைப்பார்கள். கார் வைத்திருக்கிறவர்கள் காரைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசிப்பார்கள். அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கிளாக்கருக்குச் சைக்கிளை மட்டும் பூசைக்கு வைப்பது கௌரவக் குறைவாகப்பட்டதோ என்னவோ, அவர் அலுமாரியைத் திறந்து நான்கு வாகனங்களையும் சாமிப்படத்துக்கு முன் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றின் முன்மூடியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். தேசிக்காய்தான் காரைவிடப் பெரிதாக இருந்ததால் பக்கத்தில் வைத்தார். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அவை நிலத்தைத் தொட்டன, அதுவும் வாழையிலைக்கு மேல்.

பொட்டைத் துடைப்பது பாவம் என்று அப்படியே அலுமாரிக்குள் ஏற்றினார். அடுத்த வருடம் அதற்கு மேல் புதுப் பொட்டு. சந்தனம் காய்ந்து வெடித்து விழுந்தபோது அடியில் இருந்த பெயின்றையும் தூக்கிக்கொண்டு விழுந்தது. குங்குமத்தில் இருந்த மஞ்சள் அம்புலன்ஸின் வெள்ளையில் ஊறி, போகாத மஞ்சள் வட்டமாக நின்றது. சிவப்புக் காரின் முன்மூடியிலும் அதே வட்டம். தெய்வத்துக்கு என்ன தெரியும், காரில் எதைப் பூசக்கூடாதென்று!

பிறகு அரசாங்கம் இறக்குமதியை நிற்பாட்டியது. கடைகளில் வெளிநாட்டு விளையாட்டுச் சாமான் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. அப்பாவின் கண்ணில் அந்த நாலு நோயாளிகளும் திடீரென்று பெரும் சொத்தாகிவிட்டன. “இனி இந்த நாட்டிலை உதுகளைக் காசு குடுத்தாலும் காணேலாது” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே பயம் வந்துவிட்டது. கண்ணாடிக்குள் இருந்தால் கண்ணூறு படும், கள்ளன் வருவான். ஆகவே வாகனங்கள் அலுமாரியை விட்டு இறங்கி, அறைக்குள் கட்டிலுக்கு அடியில் தகர ரங்குப் பெட்டிக்குள் போயின. பார்க்க மட்டும் வைத்திருந்த சாமானை இனிப் பார்க்கவும் கூடாது என்றாகியது.

ரங்குப் பெட்டிக்குள் அவர் செய்த ஏற்பாட்டை இப்போதும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மட்டைப் பெட்டிகளைச் செல் அரித்துவிடும் என்று எறிந்தார்; அவற்றுக்குள் வைத்திருந்தாலாவது வாகனங்கள் மூச்சு விட்டிருக்கும். பிறகு பேப்பரில் சுற்றினார். பண்டத்தரிப்புக்காரர் ஒருவர் சொன்னபடி, சீலைப்பெட்டிக்குள் போடுகிற வெள்ளைப் பூச்சி உருண்டைகளை அள்ளிப் போட்டார். காரைப் பூச்சி தின்னுமா என்று நான் கேட்டேன். “உனக்கென்ன தெரியும்” என்றார். லொறிக்குப் பேப்பரும் காணாதென்று, சைக்கிள் ஆசனத்துக்கு வாங்கிய றெக்சினில் மிஞ்சிய துண்டைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினார். எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை மெழுகுதிரியில் உருக்கி ஒட்டினார். அந்த நாளில் எங்கள் ஊரில் பிணத்துக்குக்கூட அவ்வளவு பந்தோபஸ்து இல்லை.

அடுத்தடுத்து உறவில் இரண்டு சாவு. தீட்டு, துடக்கென்று ஆயுத பூசையே இல்லை. பெட்டி சில வருடம் திறக்கப்படாமல் கிடந்தது. திறந்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன், எனக்கு அப்போது இருபது கடந்துவிட்டது. முதலில் வந்தது பூச்சி உருண்டை மணம், கண்ணைக் கரித்தது. உருண்டைகள் கரைந்து ஆவியாகிப் பெயின்றை இளக்கியிருந்தன. இளகிய பெயின்ற் கிட்ட இருந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டது. லொறியின் றெக்சினைக் கழற்றியபோது பச்சைப் பெயின்ற் பாதி துணியோடு வந்தது. மீதியில் றெக்சினின் நெசவு வலைவலையாகப் பதிந்திருந்தது. அம்புலன்ஸைச் சுற்றிய பேப்பரை உரித்தால், வெள்ளைக் கூரையில் கறுப்பு எழுத்துகள், இடம் வலம் மாறி. கண்ணாடியில் பிடித்து வாசித்தேன். மரண அறிவித்தல். எந்த ஊரிலோ யாரோ ஒருவர் காலமாகி, ஈமைக்கிரியை நேரத்தோடு எங்கள் அம்புலன்ஸின் மேல் படுத்திருந்தார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. “பேப்பர்காரன் இப்ப நல்ல மை பாவிக்கிறேல்லை” என்றார்.

அந்த வருடத்துக்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். மருதனார்மடம் சந்தியில் பிளாஸ்ரிக் கார்கள் கூடைக்குள் குவிந்து கிடந்தன. பிள்ளைகள் வாங்கி, பின்னேரத்துக்குள் உடைத்து, அடுத்ததுக்கு அழுதார்கள். அப்பா அந்தக் கூடையைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் காலத்தில்தான் மாமா கப்பலை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். தலை நரைத்து, ஒரு கால் இழுபட்டது. வந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைக் கண்டு, “இவ்வளவு பெரிய ரீச்சரோ!” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் இளைத்திருந்தது. சாப்பிட்டு முடிந்து விறாந்தையில் இருந்தோம். நான் ஆயத்தமாக இருந்தேன். எத்தனையோ வருடமாகத் தீட்டி வைத்த வசனங்கள் நாக்கின் நுனியில் நின்றன. கேட்கவேண்டியதை மாமா தானே கேட்டார்.

“அத்தான், அந்தக் கார்கள் இன்னும் கிடக்கோ? அலுமாரிக்குள்ளை காணேல்லை.”

அப்பாவுக்குக் கிடக்கு என்று சொல்லவும் விருப்பமில்லை, இல்லை என்று சொல்லவும் முடியாது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து மூன்றைக் கொண்டுவந்தார். அம்புலன்ஸை மட்டும் கொண்டுவரவில்லை. மரண அறிவித்தலுக்கு அவரிடமும் விளக்கம் இருக்கவில்லை. மூன்றையும் மேசையில் வைத்தார். நிறம் செத்த ஒன்று, கொப்பளித்த ஒன்று, உரிந்த ஒன்று. மாமா குனிந்து பார்த்தார்.

“என்ன நடந்தது?”

அப்பா என்னைப் பார்க்காமல் என்னைக் காட்டினார். “என்ன செய்யிறது மச்சான். பிள்ளை சொல்வழி கேட்டாத்தானே. விளையாடி விளையாடிப் பழுதாக்கிப் போட்டாள்.”

எனக்குக் காது இரண்டும் சுட்டது. இப்படி ஒரு பொய்யை, நான் பக்கத்தில் இருக்க, அம்மா வாசலில் நிற்க, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்ல ஒரு மனிதரால் முடியுமா? முடிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாமா சிரித்தார். பழைய சிரிப்பு, கடற்கரைக்குக் கேட்கிற சிரிப்பு. அவருடைய கண் கலங்கியிருந்தது.

“உண்மையோ பிள்ளை? விளையாடினனீயோ? நான் அந்தமுறை வந்து கண்ணாடிக்குள்ளை பாத்திட்டு, பிள்ளைக்கு நான் குடுத்தது பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டெல்லோ போனன். கப்பலிலையும் அதுதான் யோசனை. பொம்மையே வேண்டியிருக்கலாம், அத்தான் சொன்னதுதான் சரி எண்டு.”

என் வசனங்கள் எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றன. உண்மையைச் சொன்னால் அப்பாவின் முகம் கறுக்கும். அதற்காக நான் எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தேன். ஆனால் அதே வசனத்தால் மாமாவின் முகமும் கறுக்கும். அப்பா தன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை நான் காப்பாற்ற வேண்டி வந்துவிட்டதே என்று மனம் கொதித்தது.

“ஓம் மாமா” என்றேன். “விளையாடினனான்.”

“இதென்ன, கூரையிலை வலை மாதிரிக் கிடக்கு?” அவர் லொறியைக் கையில் எடுத்துவிட்டார்.

“மீன் வலைக்குள்ளை போட்டு இழுத்தனான். லொறி கடலுக்குள்ளை விழுந்திட்டுது எண்டு விளையாட்டு. வலையிலை உரஞ்சிப் பெயின்ற் போட்டுது.”

மாமா தொடையில் அடித்துச் சிரித்தார். “அப்ப இது?”

“நீலமோ? அதை மழைக்கை விட்டிட்டு மறந்துபோனன். வெள்ளத்திலை ஓடுதோ எண்டு பாக்க.”

எனக்கே வியப்பாக இருந்தது; வாயைத் திறக்கத் திறக்க வந்தது. சிவப்புக் காரை முற்றத்து வெயிலில் நிறுத்தி பஸ் நிலையம் நடத்தினேன். அயல் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து ரிக்கற் கொடுத்தேன். லொறியில் புளியங்கொட்டை ஏற்றி இறக்கினேன். மாமா ஒவ்வொன்றுக்கும் “பிறகு? பிறகு?” என்று கேட்டார். அந்தக் கார்களோடு நான் விளையாடியது அந்த ஒரு பின்னேரம்தான்.

சிவப்புக் காரின் முன்மூடியில் இருந்த மஞ்சள் வட்டத்தை அவர் விரலால் தேய்த்தபோதுதான் எனக்கு ஒன்றும் வரவில்லை. வாசலில் நின்ற அம்மா, வாழ்நாளில் பொய் சொல்லி நான் கேட்டிராத அம்மா, சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அது குழம்புச் சட்டிக்குள்ளை இறக்கினவள், தம்பி. நான் எவ்வளவு தேய்ச்சனான். மஞ்சள் போகேல்லை.”

இதைக் கேட்டதும் அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

“குழம்புச் சட்டிக்குள்ளையோ! எத்தினை தரம் சொன்னனான், வெளியிலை எடுக்காதை, எடுக்காதை எண்டு! மழைக்கை விட்டவளாம், வலையிலை இழுத்தவளாம்! இங்கிலாந்துச் சாமான். உவளுக்கு அருமை தெரியுமே?”

நான் திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன். மாமா அவரைச் சமாதானப்படுத்தினார். “விடுங்கோ அத்தான். விளையாட்டுச் சாமான் எண்டா விளையாடத்தானே. நான்தானே சொன்னனான்.” போகும்போது என் கன்னத்தில் தட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்து, சந்தோஷமாகப் படலையைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை, கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம், தன் மருமகள் லொறியைக் கடலில் விட்டு வலையால் இழுத்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் போனதும் நானும் அம்மாவும் கோப்பைகளை எடுத்தோம். அம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இனி அப்பா ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஒரு மன்னிப்பு வரும் என்று எதிர்பார்க்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஒரு சின்னச் சிரிப்பு, ஒரு தலையசைப்பு, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்த காரியத்துக்கு ஏதோ ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

அப்பா ஒரு புதுப் பொலித்தீன் பையோடு வந்தார். வாகனங்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார், நகம் படாமல், பெருமூச்சு விட்டு விட்டு. நான் அவருடைய முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். அதில் நடிப்பு ஒரு சொட்டும் இருக்கவில்லை. உண்மையான கவலை. உண்மையான கோபம்.

“உன்ரை மாமா நல்ல மனுசன், அதாலை தப்பினாய்” என்றார். “இனியாவது உதுகளிலை கை வைக்காதை.”